நாற்பத்தொன்றும் இருபத்தொன்பதும்

நான் குடியிருக்கும் போர்ஷனில் தரை போடுகிறார்கள். பழைய சிமென்ட் தரை வெடித்துவிட்டது. வாடகையை ஏற்ற ஓனரம்மாவுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. என் சாமான்கள் வராந்தாவில் கிடக்கின்றன. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு பை, அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து வந்தால் உட்கார இடமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, டைல்ஸ் அறுக்கும் மெஷினிலிருந்து வரும் வாசனையை முகர்ந்துகொண்டிருந்தேன். சுட்ட மண்ணில் தண்ணீர் பட்ட வாசனை. முதல் மழை வாசனை மாதிரிதான், ஆனால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மேஸ்திரி பாகலூர்ப் பக்கத்து ஆள். சுவரோரமாக ஒரு டைலைப் பாதியாக அறுத்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க எல்லாத்தையும் பாதியா வெட்டுறீங்க?" என்றேன்.

"ரூமு பதினொண்ணுக்கு ஒம்பது. டைல்ஸு ரெண்டுக்கு ரெண்டு. எப்பிடிம்மா உக்காரும்? கட் பீஸ் வந்தே தீரும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கழித்திருந்தேன். பதினொன்றில் ஒன்பது போனால் இரண்டு. ஒன்பதில் இரண்டிரண்டாகப் போனால் கடைசியில் ஒன்று. ஓரடி டைல்ஸ் வாங்கியிருந்தால் ஒரு துண்டும் அறுக்க வேண்டாம். யோசித்துச் செய்ததல்ல. இரண்டு எண்கள் காதில் விழுந்தால் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிற வியாதி எனக்கு இருக்கிறது. ஒட்டவைத்துவிட்டுப் போனவள் நீ.

சூளகிரி ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் 'கட் பீஸ்' என்றால் வேறு. வண்டிகளுக்குள் போகும் வயர்க்கட்டுகளை நாம் செய்தோம். கதவளவு பெரிய பலகை, அதில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். அதன்மேல் வயரை வரைபடப்படி ஓட்டி, முனைகளைச் செருகி, டேப் சுற்ற வேண்டும். அந்தப் பலகைக்குப் பெயர் போர்டு. ஒரு போர்டைச் சுற்றி ஐந்து பெண்கள், எட்டு மணி நேரமும் நின்றபடி. மிஞ்சும் வயர் நுனிகள் காலடியில் இருக்கும் டப்பாவில் விழும். அதுதான் கட் பீஸ். நம் எழுபது பேரில் ஒருத்திகூட கம்பெனி ஆள் இல்லை, எல்லாரும் கான்ட்ராக்ட். நிரந்தர ஆட்கள் நீலத் தொப்பி, நாம் மஞ்சள் தொப்பி. முதல் நாளே நீ என் தொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "வா மதுரை. நீயும் கட் பீஸா?"

நான் பரமக்குடி. நூறு தடவை சொல்லியிருப்பேன். "அதான், மதுரை" என்பாய். உனக்குச் சேலத்துக்குத் தெற்கே இருப்பதெல்லாம் மதுரை. பதிலுக்கு நாங்கள் எல்லாரும் உன்னை 'ஜவளகிரி' என்று கூப்பிட்டோம். உன் சொந்தப் பெயர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் கேட்கும். பேசும்போது தமிழ், வீட்டுக்குப் போன் செய்யும்போது கன்னடம், பஸ் டிரைவரைத் திட்டும்போது தெலுங்கு. கணக்கை மட்டும் கன்னடத்தில்தான் போடுவாய். ஒந்து, எரடு, மூரு என்று உதடு மட்டும் அசையும். பள்ளிக்கூடத்தில் நீ கன்னட மீடியம். தமிழ்நாட்டு எல்லைக்குள், தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளியிலேயே கன்னட மீடியம் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நம் எச்.ஆர். சாருக்கும் தெரியவில்லை. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நாம் இரண்டு பேரும் குரூப் ஃபோருக்குப் படித்தோம். ஓசூரில் கம்பெனிக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் குரூப் ஃபோருக்குப் படிக்கிறவர்கள்தான். மீதிப் பாதி படித்து ஓய்ந்தவர்கள். டீ இடைவேளையில் கேன்டீன் மேஜையில் கைடைத் திறந்து வைத்துக்கொள்வோம். கணக்கில் எனக்குப் பிடிபடாத ஒன்று, இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் ஆகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிப்பது. எங்கள் பள்ளியில் அதற்கு மீ.பொ.வ. என்று பெயர். கைடில் மீ.பெ.கா. நீ ம.சா.அ. என்றாய்.

"ஒரே ஆளுக்கு மூணு பேரு," என்று சிரித்தாய். "ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு, வாக்காளர் அட்டைல ஒண்ணு. ஆளு அவளேதான்."

நான் காரணிகளையெல்லாம் எழுதி, பொதுவானதை வட்டம் போட்டு, அதில் பெரியதைத் தேடுவேன். எண் பெரிதானால் டீ ஆறிவிடும். ஒருநாள் நீ பையிலிருந்து தினசரிக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்தாய். வீட்டில் கிழித்த பழைய தேதி. ஒரு மூலையை எதிர்ப்பக்கம் மடக்கி, சதுரமாகக் கிழித்து மேஜையில் வைத்தாய். மிஞ்சிய நீளத் துண்டில் அதேபோல் மடக்கி இன்னும் சின்னச் சதுரம் கிழித்தாய். அதில் மிஞ்சியதில் இன்னொன்று. நான் மிஞ்சிய துண்டைக் குப்பை என்று நினைத்து எடுக்கப் போனேன். கையில் அடித்தாய்.

"மிஞ்சினத தூக்கிப் போடாதடி. அடுத்து அதான் அளக்கும்."

மிச்சமே வராமல் சதுரம் சரியாக உட்காரும்வரை கிழித்துக்கொண்டே போனாய். கடைசிச் சதுரம் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினாய். "இத வெச்சு முழுத் தாளையும் ஒட்டலாம். ஒரு இஞ்சு வீணாவாது. எண்ணும் இதே கததான். பெருசுல சின்னதக் கழி. மிஞ்சினத வெச்சு மறுபடி கழி. ரெண்டும் ஒண்ணாகற எடத்துல நிறுத்து."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கெலமங்கலத்து மஞ்சுளா எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ கிழிச்சும் உங்க ரெண்டு பேருக்கும் வேல கெடைக்கலியே," என்றாள்.

"கெடைக்கும். நான் வி.ஏ.ஓ. ஆனதும் மொத வேல, உன் வூட்டு வரிய ஏத்தறன்."

அந்தக் கேன்டீனில் நாம் சிரித்தது அந்த ஒரு மேஜையில்தான் என்று இப்போது தோன்றுகிறது. மற்ற மேஜைகளில் பெண்கள் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார்கள்.

கம்பெனி பஸ் முன்பு ஜவளகிரி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் திடீரென்று தளியோடு நிறுத்திவிட்டார்கள். தளிக்கு அந்தப் பக்கம் ஆள் குறைவு, ரோடு மோசம், டீசல் கட்டுப்படியாகாது என்றார்கள். உன் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த மற்றவர்கள் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். நீ நிற்கவில்லை. விடியுமுன்னே பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து தளிக்கு வந்து பஸ்ஸைப் பிடித்தாய். உன் சட்டையில் எப்போதும் லேசாகப் பால் நாற்றம் அடிக்கும். வழியெல்லாம் காடு. மழை நின்று ராகி விளையும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்கும் என்று நீதான் சொன்னாய். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"யானைக்கு என்னாடி, அது வழில அது போவுது. லேட்டா போனா லைன் லீடர் கத்தறாளே, அதுக்குத்தான் பயம்."

பஸ் வேண்டும் என்று எழுபது பேரும் ஒருநாள் வேலை தொடங்காமல் நின்றோம். இதைப் பெரிய போராட்டம் என்று சொல்ல மாட்டேன். உன் ஒருத்திக்காக எல்லாரும் உருகினார்கள் என்றும் பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, இன்றைக்கு உன் ஊர் என்றால் நாளைக்குத் தங்கள் ஊர் என்ற பயம். எங்களைப் போல ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குப் பஸ்ஸே கிடையாது. கொஞ்ச நேரம் தரையில் உட்காரலாம் என்று உட்கார்ந்தோம். கால்கள் அப்படி வலித்தன. ஆனால் காரணம் எதுவானாலும் எழுபது பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு ஹாலே நின்றுவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் நாங்களும் பார்த்தோம், அவர்களும் பார்த்தார்கள். எச்.ஆர். சார் ஓடிவந்து, "பேசி முடிவு பண்ணலாம், டைம் குடுங்க" என்றார். கொடுத்தோம்.

அவர் அந்த நேரத்தில் பஸ்ஸைப் பற்றி யோசிக்கவில்லை. நம்மைப் பிரிப்பது பற்றி யோசித்தார். அதுவரை எழுபது பேரும் ஒரே ஷிப்ட். இனிமேல் பாதிப் போர்டுகள் முதல் ஷிப்ட், பாதிப் போர்டுகள் இரண்டாம் ஷிப்ட், வாராவாரம் மாறும். ஒவ்வொரு போர்டிலும் பஸ் ஆட்கள் இத்தனை, ஹாஸ்டல் ஆட்கள் இத்தனை என்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். பஸ் ஆட்கள் நேரமானால் கிளம்பிவிடுவார்கள். ஹாஸ்டல் ஆட்களை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்கலாம். எந்தப் போர்டிலும் ஒரே வகை ஆட்கள் சேர்ந்துவிடக் கூடாது. மேலே இருந்தவர் அவருக்குப் போட்ட உத்தரவு அது.

அவர் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டு நீதான் கேன்டீனுக்கு வந்தாய். முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்னை ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க."

"நீ எப்பிடி ஹாஸ்டல்?"

"என் மார்க் ஷீட்டு கன்னடத்துல இருக்குதில்ல. ஜவளகிரி கர்நாடகாலதான் இருக்குதுன்னு முடிவு பண்ணிட்டாரு. வெளி ஸ்டேட்டுன்னா ஹாஸ்டல்."

மஞ்சுளா டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "ஒரே கையெழுத்துல உன் ஊரையே தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டாரா? பெரிய ஆளுதான்."

"சும்னிரு," என்றாய் அவளிடம். சும்மா இரு என்பதற்கு உன் வீட்டு வார்த்தை அது. கண் எங்கேயோ இருந்தது. உதடு அசைந்தது. பிறகு மேஜையில் விரலால் எழுதிக் காட்டினாய்.

உண்மையில் பஸ் ஆட்கள் நாற்பத்திரண்டு, ஹாஸ்டல் ஆட்கள் இருபத்தெட்டு. நாற்பத்திரண்டில் இருபத்தெட்டு போனால் பதினாலு. இருபத்தெட்டில் பதினாலு போனால் பதினாலு. நின்றுவிட்டது. பதினாலு போர்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பஸ், இரண்டு ஹாஸ்டல். கத்தி வைத்த மாதிரி சமமாக அறுபடும். ஆனால் உன்னை இந்தப் பக்கமிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்ததில் நாற்பத்தொன்றும் இருபத்தொன்பதும் ஆகிவிட்டது. நீ கழித்தாய். பன்னிரண்டு. ஐந்து. இரண்டு. கடைசியில் நிறுத்தி, "ஒந்து" என்றாய். பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னாய். "ஒண்ணு. இந்த ரெண்டு நம்பருக்கும் பொதுவா இருக்கறது ஒண்ணு மட்டும்தான். நம்மள சமமா பிரிக்கவே முடியாதுடி. மொத்தமா ஒண்ணா வெக்கறதத் தவிர அவருக்கு வேற வழியே இல்ல."

எச்.ஆர். சாருக்குக் கணக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அந்த வாரம் முழுக்க அவர் பேப்பரும் கையுமாக ஹாலில் நடந்தார். ஒரு போர்டில் ஆள் கூடும், இன்னொன்றில் குறையும். பெயர்களை அடித்து அடித்து எழுதினார். நாம் வயரை ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தோம். ஒரே ஷிப்டில், ஒரே ஹாலில், எழுபது பேரும் இருந்தோம். டீ இடைவேளையில் பஸ் பேச்சு ஓடியது. நிரந்தர ஆட்களில்கூட ஒன்றிரண்டு பேர் நம் மேஜைக்கு வந்து விசாரித்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு தப்பான கணக்கு எனக்கு நல்லது செய்த வாரம் அது ஒன்றுதான்.

ஆனால் அவர் இன்ஜினியரிங் படித்தவர். அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். எங்கே தப்பு நடந்திருக்கிறது என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. புரிந்ததும் அவர் அதை எப்படித் திருப்பினார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

நம் போர்டுக்கே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஜவளகிரி வரைக்கும் பஸ் கேக்கறீங்க. யாருக்கும்மா அந்த பஸ்ஸு? தளிக்கு அந்தப் பக்கம் என் லிஸ்ட்ல ஒரு ஆளும் இல்லியே."

அவர் உன்னைப் பார்த்தார். "நீங்க ஹாஸ்டல்தானேம்மா? ரெக்கார்ட்ல அப்பிடித்தான் இருக்கு. நீங்களே சொல்லுங்க. எந்த ஊரு நீங்க?"

நீ வாயைத் திறக்காவிட்டால் நம்மைப் பிரிக்க முடியாது. ஆனால் பஸ் கேட்பதற்கு ஆளே இல்லை என்று ஆகிவிடும். நீ ஊரைச் சொன்னால் பஸ்ஸைக் கேட்கலாம். ஆனால் நாற்பத்திரண்டும் இருபத்தெட்டும் ஆகிவிடும். இது அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மஞ்சுளா உன் முதுகுக்குப் பின்னாலிருந்து, "சொல்லாதடி, சொல்லாத," என்று முணுமுணுத்தாள். நீ கையிலிருந்த டேப் உருளையைப் பலகைமேல் வைத்தாய்.

"ஜவளகிரி சார். தமிழ்நாடுதான் அது. தினம் அங்கருந்துதான் வர்றன். பால் வண்டில."

"அப்ப சரி," என்றார். "மாத்திடலாம். பஸ்ஸுக்கும் எழுதறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் உன்னோடு பஸ்வரைக்கும் நடக்கும்போது நான் உன்னிடம் கோபமாகவே கேட்டேன். ஏன் சொன்னாய், இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கலாமே என்று. நீ தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

"எங்கம்மா அங்க ஒண்டியா கீது. நான் ஹாஸ்டல்னு ஆச்சின்னா, தினம் நான் ஏறி எறங்கற அந்த வழி இல்லவே இல்லன்னு ஆவுதுடி. இல்லாத வழிக்கு எவன் பஸ் வுடுவான்? கேக்கறதுக்காச்சும் நான் அந்த ஊர்ல இருக்கணும்."

நீ செய்தது சரி என்றும் தோன்றும், அவர் விரித்த வலை அது என்றும் தோன்றும். இரண்டும் உண்மைதான். வலையை விரித்தவன்மேல் வர வேண்டிய கோபத்தை மாட்டியவள்மேல் காட்டுவது எங்களுக்கெல்லாம் பழக்கமாகிவிட்டிருந்தது. மஞ்சுளா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

மறுநாளே பதினாலு போர்டுக்கும் புதுப் பட்டியல் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் மூன்று பஸ், இரண்டு ஹாஸ்டல். நீ ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட். கம்பெனி கேட்டில் உன்னைப் பார்த்தால் உண்டு. நீ உள்ளே வரும்போது நான் வெளியே போவேன். "படிக்கிறியா மதுரை?" என்பாய். "எங்க?" என்பேன். அதற்குள் செக்யூரிட்டி விரட்டிவிடுவார். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் நீ தளியில் ஒரு உறவுக்காரர் வீட்டில் படுத்துக்கொண்டாய் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். பஸ்? எழுதியிருக்கிறோம் என்றார்கள். மேலே போயிருக்கிறது என்றார்கள். கேட்பதற்கு எழுபது பேர் ஒரே நேரத்தில் ஒரே ஹாலில் இல்லை. ஐந்தைந்து பேராகக் கேட்டால், "போர்டு வேலையப் பாரும்மா" என்பதுதான் பதில்.

ராகி அறுப்பு வந்தது. அந்த வாரம் உனக்கு முதல் ஷிப்ட், எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் ஹாஸ்டலில் எழுந்து போனைப் பார்த்தேன். நீ அனுப்பியிருந்தாய்.

'மதுரை பால் வண்டி வரல. நடக்கறன். போர்டுல சொல்லிடு.'

நான் உன் போர்டில் இல்லை என்பதை அந்த அவசரத்தில் மறந்திருக்கிறாய். பழைய பழக்கம். போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. அதனால் எழுதவும் மாட்டேன். ஒற்றை யானை என்றார்கள். ராகிக் காட்டிலிருந்து திரும்பிப் போகிற யானை. ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். வனத்துறை ஆட்கள் வந்தார்கள். மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது: யானை தாக்கி கர்நாடகப் பெண் பலி. யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும்.

மஞ்சுளா, நான், இன்னும் நாலைந்து பேர் எச்.ஆர். ரூமுக்குப் போனோம். வேலைக்கு வரும் வழியில்தானே செத்தாள், பஸ் விட்டிருந்தால் செத்திருக்க மாட்டாளே என்று கேட்டோம். அவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். உன் போட்டோ. பக்கத்தில் ஊர்: கர்நாடகா. கீழே: ஹாஸ்டல்.

"ரெக்கார்டுபடி அவங்க ஹாஸ்டல். ஹாஸ்டல் ஆளு அந்த நேரத்துல அங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு எங்களுக்கே தெரியலம்மா."

"அவ வீடு சார் அது," என்றாள் மஞ்சுளா.

அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீ ஊரைச் சொன்னாய். எல்லார் காதிலும் விழும்படி சொன்னாய். அதை அவர்கள் போர்டு பிரிக்கிற பேப்பரில் மட்டும் திருத்திக்கொண்டார்கள். மற்ற எதிலும் திருத்தவில்லை. நம்மைப் பிரிப்பதற்கு நீ ஜவளகிரி. பஸ் விடுவதற்கு நீ வெளி ஸ்டேட். செத்த பிறகும் வெளி ஸ்டேட். யானைக்கு இந்த இரண்டு கணக்கும் தெரியாது. அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

அந்தக் கம்பெனியிலிருந்து நான் நின்றுவிட்டேன். பெரிதாக எதிர்த்துவிட்டு நின்றேன் என்று நினைக்காதே. கான்ட்ராக்ட் முடிந்தது, திரும்பக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஊருக்குப் போகலாமா என்று பார்த்தேன். அங்கே போய் என்ன செய்ய. இப்போது பேகேபள்ளிப் பக்கம் வேறு கம்பெனி, வேறு போர்டு, தொப்பி மட்டும் பச்சை. குரூப் ஃபோர் எழுதினேன். நம் கணக்கு ஒன்று வந்திருந்தது. மாணவர்களையும் மாணவிகளையும் சம வரிசைகளில் நிறுத்த வேண்டுமாம். பார்த்ததும் போட்டுவிட்டேன். விடையைக் கறுப்பாக்கிவிட்டு அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன். அந்தக் கேள்வியை எழுதியவருக்கு வரிசைகள் என்றால் வரிசைகள்தான். யார் யாரை எதற்காக வரிசை பிரிக்கிறார்கள் என்று கேள்வித்தாளில் கேட்க மாட்டார்கள். எனக்கு ரேங்க் வரவில்லை. களைப்பாக இருக்கிறது. அடுத்த தடவை எழுதுவேனா என்று தெரியவில்லை.

இங்கே புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "உன் ஊருக்குள்ள பஸ் வருதா?" என்று கேட்கிறேன். வராது என்பவர்கள் இப்போது ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொருத்தியையும் அவளுடைய ரெக்கார்டில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருத்தி வேப்பனப்பள்ளிப் பக்கம். அவள் படித்தது தெலுங்கு மீடியம். போன வாரம் வந்து சொன்னாள், "அக்கா, என்னை ஆந்திரான்னு போட்டுருக்காங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. உன் சிரிப்பு அது. அவளை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், கம்ப்யூட்டரில் மாற்றும்வரை அங்கேயே நின்றேன். மாற்றிய பிறகும் திரையைத் திருப்பச் சொல்லி என் கண்ணால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என்னை இங்கே எல்லாரும் பைத்தியம் என்கிறார்கள். பஸ் இன்னும் வரவில்லை.

மேஸ்திரி இன்றைக்கு வேலையை முடித்துவிட்டார். அறுத்த பாதித் துண்டுகளைக் கடைசியாகக் கதவுக்குப் பின்னால் வரும் மூலையில் வைத்து ஒட்டினார்.

"அத வாசல்ல போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஓனரம்மா என்னைக் கொன்னுடும். கட் பீஸெல்லாம் கதவுக்குப் பின்னாலதான்மா போடுவோம். கதவு தெறந்திருந்தா ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது."

அவர் போன பிறகு கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டேன். தரை இன்னும் ஈரம். பதினொன்று, ஒன்பது என்று மனசு தானாகக் கழித்தது. இரண்டு. பிறகு அந்தக் கடைசி எண். மற்ற எண்களையெல்லாம் நான் தமிழில்தான் சொல்லிக்கொள்கிறேன். அது மட்டும் உன் வாயால்தான் வருகிறது. ஒந்து.

கதவைச் சாத்தினால் அந்தத் துண்டுகள் தெரிகின்றன. சாத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.